இறக்கி விடாதே

“ஐந்நூறா? அரே பாய், நான் என்ன பேங்க்கா நடத்துறேன்? ச்சுட்டா குடு, சில்லறை!”

கண்டக்டரின் குரல் பஸ் முழுக்கக் கேட்டது. ஈஸ்வரன் நீட்டிய கையை மடக்கவில்லை.

“வேற இல்லண்ணா. ஏடிஎம்ல இதுதான் வந்துச்சு.”

“போன்ல போடு.”

“நெட் சுத்திக்கிட்டே இருக்கு.”

“அப்போ டாலிகஞ்ச்ல எறங்கு. மாத்திக்கிட்டு அடுத்த பஸ்ல வா.”

அபர்டீன் பஜாரில் ஏறியவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“இருபது ரூபா டிக்கெட்டுக்கு ஐந்நூறு நீட்டுறவரு ஆட்டோல போக வேண்டியதுதானே?” என்றது பின்சீட்டுக் குரல். இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஈஸ்வரனுக்குக் காது சுட்டது. கண்டக்டரின் தோல் பையைப் பார்த்தான். அது தொங்கிய விதத்திலேயே தெரிந்தது, உள்ளே சில்லறை இருக்கிறது.

பேப்பரில் செய்தி பார்த்த ஒரு துக்க வீட்டுக்கு, சிப்பிகாட்டுக்குப் போக வேண்டும். இன்று பதினாறாம் நாள். இதற்கு முன் மூன்று தடவை கிளம்பி, மூன்று தடவையும் பஸ் ஸ்டாண்டிலிருந்தே திரும்பிவிட்டான். காலையில் மாலை வாங்கக் கடை வரை போனான். வாங்கவில்லை. இன்று பாதியில் இறங்கினால் இனி ஏறமாட்டான். அது அவனுக்குத் தெரியும்.

“சிப்பிகாட்ல விட்டுருங்கண்ணா. அங்க கடையில மாத்தித் தர்றேன்.”

“நீ கடை தேடுற வரைக்கும் பஸ் நிக்குமா? உத்ரோ, எறங்கு. டிரைவர் சாப், டாலிகஞ்ச்ல ஒருத்தர் எறங்கணும்!”

“யாரும் எறங்க வேணாம்.”

முன்சீட்டிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். ஐம்பது வயதிருக்கும். கையில் அணைத்துப் பிடித்த வாழையிலைக் கட்டு.

“வந்துட்டாங்க வக்கீல் மௌசி, ஊருக்கே சித்தி,” என்றார் கண்டக்டர்.

“வக்கீல் இல்லடா, வசந்தகுமாரி. உன் பையை ஒரு உலுக்கு உலுக்கு. சத்தம் வரலேன்னா நானும் சேர்ந்து எறங்கிக்கறேன்.”

இப்போது பஸ் கண்டக்டரைப் பார்த்துச் சிரித்தது. அவர் பையைக் கையால் அமுக்கிக்கொண்டார்.

“இருக்கறதை இவருக்கே கொட்டிட்டா மத்தவங்களுக்கு நான் எங்க போவேன்?”

“அது உன் பாடு. மனுஷனை நடுவழியில எறக்கி விடாதே.”

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. அவள் இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் திறந்து இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை எடுத்தாள்.

“சிப்பிகாட் ஒண்ணு. கிழி.”

“வேணாங்கக்கா,” என்றான் ஈஸ்வரன்.

“சும்மா இருங்க தம்பி. எங்க வீட்ல இப்ப யாரும் சில்லறை இல்லாம பஸ் ஏறுறதில்ல.”

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து அவன் கையில் திணித்துவிட்டு நகர்ந்தார். வசந்தகுமாரி அவனைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“பஸ் நம்பரை எழுதிக்கோங்க. புகார் குடுங்க. இவனுங்களை விடக் கூடாது.”

“வேணாங்கக்கா. காலையில பஸ் முதலாளி இவங்களுக்கு வெறும் பையைத்தான் குடுப்பாரு. வர்ற சில்லறையைக் கையை விட்டு விட மனசு வராது.”

“அவனுக்கே பாவம் பாக்கறீங்களாக்கும்! மெயின்லேண்ட்லேர்ந்து தீவுக்கு வந்தவரா தம்பி?”

“இல்லக்கா. இங்கதான், ஹேடோ.”

“உள்ளூர்க்காரரா இருந்துக்கிட்டா இப்படிப் பயந்து சாகறீங்க? தப்புப் பண்ணது அவன். நீங்க எதுக்குத் தலையைக் குனியறீங்க?”

அவன் டிக்கெட்டை மடித்தான். இன்னும் மடிக்க முடியாத அளவுக்கு மடித்தான்.

டாலிகஞ்ச் வந்தது. போனது.

சிப்பிகாட்டில் இருவரும் இறங்கினார்கள். சாலையோரம், சுனாமியில் மூழ்கிய வயல்களில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஈஸ்வரன் அவளிடமிருந்து இலைக்கட்டை வாங்கிக்கொண்டான்.

“அக்கா, ஒரு வீடு கேக்கணும். ஒச்சப்பன்னு…”

வசந்தகுமாரி நின்றுவிட்டாள்.

“எங்க அண்ணன்தான் தம்பி. அண்ணன் காரியத்துக்குத்தான் இந்த இலை. பந்திக்குப் பத்தாதுன்னு விடியக்காலையிலேயே பஜாருக்கு ஓடினேன்.”

அவன் இலைக்கட்டையே பார்த்தான்.

“நெஞ்சு வலிக்குதுன்னு ஒத்தையா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாரு. கையில இருந்தது ஒரே ஒரு ஐந்நூறு ரூபா. சில்லறை இல்லேன்னு பாதி வழியில எறக்கி விட்டுட்டாங்களாம், அதே பஸ்ல வந்தவங்க சொன்னாங்க. அந்த வெயில்ல நடந்திருக்காரு. போய்ச் சேரல.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “அதான் பஸ்ல அப்படிக் கத்திட்டேன். உங்களையும் எறக்கி விட்ருவானோன்னு பயந்துட்டேன்.”

ஈஸ்வரன் வெயிலிலேயே நின்றான்.

“ஏன் நிக்கறீங்க? நடங்க. சாப்பிட்டுத்தான் போகணும். அண்ணனை உங்களுக்கு எப்படிப் பழக்கம்?”

“பழக்கமில்லக்கா,” என்றான் ஈஸ்வரன். “அன்னைக்கு அந்த பஸ்ல பதிலாள் கண்டக்டரா வந்து, அவரை எறக்கி விட்டது நான்தான்.”