மூலைக் கண்ணாடி

"அந்த ஆளைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்களேன். வந்ததுலேர்ந்து முளையடிச்ச மாதிரி அங்கேயே நிக்கிறார்."

ஐஸ்கிரீம் வாங்க வந்தவள் என்னிடம் முறையிட்டாள். டீகன் என்று பிறகு பெயர் தெரிந்தது. பக்கத்தில் அவள் மகன், தலையில் பிறந்தநாள் காகிதக் கிரீடம்.

பனிக்கரடிக் கூண்டுக்கு எதிரே ஐஸ்கிரீம் விற்கிற எனக்கு யாரை நகர்த்த அதிகாரம்? இருந்தாலும் எட்டிப் பார்த்தேன். எப்போதும் கேமராவோடு வருகிற மெர்வின்தான். முழங்கை நீள லென்ஸை மூலைக் கண்ணாடிக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிழட்டுக் கரடி ஹில்டா அதில் முதுகைச் சாய்த்துப் படுத்திருந்தது. குளிர்காற்று வருகிற மூலை அது. குயின்ஸ்லாந்து வெயிலில் வேறெங்கே போய்ப் படுக்கும், பாவம்.

"இவனுக்கு இன்னிக்குப் பிறந்தநாள். கரடி பக்கத்துல நிக்க வெச்சு ஒரே ஒரு போட்டோ. போன்ல சார்ஜ் வேற உயிரை விட்டுக்கிட்டிருக்கு."

"அவர்கிட்டயே கேட்டீங்களா?"

"கேட்டேனே. 'ஒரு நிமிஷம், வெளிச்சம் சரியா வரலை'ங்கிறார். இந்த வெயில்ல இன்னும் என்ன வெளிச்சம் வரணுமாம்?"

எங்கள் ஊர்க்காரர்கள் எதற்கும் அடங்க மாட்டார்கள். ஆனால் ஒருவர் கேமராவைத் தூக்கிவிட்டால் போதும், 'சாரி மேட்' என்று குனிந்து போவார்கள், இல்லை எடுத்து முடியும் வரை நின்றுவிடுவார்கள். மெர்வினுக்குப் பின்னாலும் அப்படித்தான் ஒரு கூட்டம் மரியாதையாக நின்று, மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தது.

எனக்கும் ஒரு குறுகுறுப்பு உண்டு. மனுஷன் வாராவாரம் வருகிறார். தூங்குகிற கரடியில் அப்படி என்ன அழகைக் கண்டார்?

டீகன் சும்மா விடவில்லை. காவலாளி டேரிலைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"மெர்வ், மறுபடியும் புகார். இனிமே இப்படி நின்னா உங்க வருஷ பாஸை வாங்கிடச் சொல்லிட்டாங்க."

"கொஞ்ச நேரம் பொறு, டேரில். இப்பத்தான் கண் அசந்தது."

"தூங்குறதைப் போயா படம் எடுப்பாங்க? எழுந்து நடந்தாத்தானே போட்டோ?"

கூட்டம் சிரித்தது. மெர்வின் ஹில்டாவை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு ஒதுங்கினார்.

அவ்வளவுதான். காகிதக் கிரீடம் பாய்ந்தது. 'கண்ணாடியைத் தட்டாதீர்கள்' என்ற பலகைக்கு நேர் கீழே நின்று, தண்ணீர் பாட்டிலால் தட்டு தட்டென்று தட்டினான். "எழுந்திரு ஹில்டா, எழுந்திரு!" பின்னால் வந்தவர்களும் தங்கள் பங்குக்குத் தட்டினார்கள்.

ஹில்டா தூக்கிவாரிப்போட்டு எழுந்தது. பின்னங்கால் ஊன்றவில்லை. இழுத்து இழுத்து வெயிலுக்குப் போய், சுவரோரமாக அங்குமிங்கும் நடக்க ஆரம்பித்தது. பார்க்கவே எனக்குச் சங்கடமாகிவிட்டது. கூட்டமோ குஷியாகப் பெரிய கண்ணாடிப் பக்கம் ஓடியது.

டீகனுக்குக் கிடைத்தது கரடியின் பின்பக்கம்தான். எரிச்சலை மெர்வின் மேல் காட்டினாள்.

"உங்களுக்கு அவ்வளவு நேரம் அசையாமப் படுத்திருந்தது. எடுத்ததுல நல்லதா ஒண்ணு இவனுக்குக் காட்டுங்களேன்."

"படம் ஏதும் இல்லைம்மா."

"ஒண்ணுகூடவா?"

அவர் கேமராவைப் பைக்குள் வைக்கப் போனார். அப்போதுதான் டீகனும் நானும் பார்த்தோம். லென்ஸ் மேல் மூடி அப்படியே இருந்தது.

"மூடியைக்கூட கழட்டாம இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பலகை வெச்சாங்க, அதைப் படிச்சுட்டுத் தட்டுறாங்க. நான் வாயால சொன்னா, 'உங்க வீட்டுக் கரடியா'ன்னு கேக்கறாங்க. இதைத் தூக்கிப் பிடிச்சா மட்டும் யாரும் குறுக்கே வர்றதில்லை."

டேரில் அவர் தோளில் தட்டி, "இன்னிக்கு வீட்டுக்குப் போங்க மெர்வ்" என்றான். பையை மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார்.

டீகன் என் வண்டி நிழலில் உட்கார்ந்துவிட்டாள். மகன் ஏதேதோ கேட்டான், அவள் காதில் விழவில்லை.

வெயில் தாங்காமல் ஹில்டா மெல்ல மெல்ல மூலைக்குத் திரும்பி வந்தது. கண்ணாடியில் முதுகைச் சாய்த்து, பெருமூச்சோடு சரிந்தது. இதற்குத்தான் காத்திருந்தது போலக் கூட்டமும் மூலையைப் பார்த்துத் திரும்பியது.

டீகன் எழுந்து ஓடினாள். எல்லாருக்கும் முன்னால் போய் நின்று போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"அம்மா, தள்ளு. நான் தட்டணும்."

"உஷ்! படம் எடுக்கறேன்ல."

பின்னால் வந்தவர்கள் சட்டென்று நின்றார்கள். ஒருவர் குழந்தையைக்கூட இழுத்துப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, "இன்னும் நேரமாகுமாங்க?" என்று கேட்டார்.

"ஒரு நிமிஷம். வெளிச்சம் சரியா வரலை."

பையனுக்கு ஐஸ்கிரீம் கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன். சார்ஜ் தீர்ந்து, போன் எப்போதோ அணைந்து போயிருந்தது.