குறுக்கே பேசாமல்

மேனேஜர் அதிசயமாக டிவியை அணைத்துவிட்டு, மனைவிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லும்மா, உன் மனசுல என்ன இருக்கு?"

அவள் திகைத்தாள். அவர் குறுக்கே பேசாமல் காத்திருந்தார். அவருக்காக விட்ட வேலை, தனியாக ஆஸ்பத்திரிக்கு அலைந்தது என்று அத்தனையும் கொட்டித் தீர்த்து அழுதாள்.

"கல்யாணமாகி இன்னிக்குத்தாங்க முதல் தடவையா கேட்டிருக்கீங்க!"

அவர் போன் அடித்தது. கண்ணைத் துடைத்தபடி அவளே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், லீடர்ஷிப் கிளாஸ்லேர்ந்து பேசறேன். குறுக்கே பேசாம கேக்கறதை வீட்டுல யார்கிட்டயாவது பழகிப் பாக்கச் சொன்னேனே, செஞ்சீங்களா? நாளைக்கு நீங்க சந்திக்கிற வெளிநாட்டு டீம் லேசுல வாய் திறக்க மாட்டாங்க."

மேனேஜர் அவசரமாகப் போனுக்குக் கை நீட்டினார்.

அவளே பதில் சொன்னாள். "நல்லாத்தான் கேட்டார் சார். நடுவுல ரெண்டு தடவை கடிகாரத்தைப் பாத்தார். அதை மட்டும் நாளைக்குத் திருத்திக்கச் சொல்லுங்க."