குதிரைக்குப் பக்கத்தில் நடப்பவன்

மலை மாடிப்படி ஏறிவரும் சத்தம் கேட்டதும் பத்திரிகை ஆசிரியர் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

"நான் இல்லன்னு சொல்லிடுங்க" என்பது மட்டும் கதவிடுக்கு வழியாக வந்தது.

மிச்சமிருந்தது உதவி ஆசிரியர்தான். அந்தச் சின்ன ஆங்கில வாரப் பத்திரிகையில் ஆசிரியருக்கு அடுத்தபடி எல்லாமே அவர்தான், முக்கியமாகத் திட்டு வாங்குவதற்கு. அவசர அவசரமாக மேஜைமேல் இருந்த கத்தரிக்கோலை எடுத்து இழுப்பறையில் போட்டார். ஸ்டேப்ளரை என்ன செய்வதென்று யோசிப்பதற்குள் வாசல் இருட்டிவிட்டது.

மலை என்பது பட்டப்பெயர். சந்தை வியாபாரிகள் சங்கத் தலைவருக்கு எல்லாமுமான ஆள். தலைவரின் கார் சந்தைக்குள் நுழைந்தால் அதன் ஜன்னலில் ஒரு கையை வைத்துக்கொண்டு கூடவே ஓடிவருவார். கூட்டம் தானாக விலகும்.

இந்த வாரம் தலைவரைப் பற்றி ஒரு செய்தி வந்திருந்தது. அதில் மலையின் படம். படத்துக்கு அடியில், தலைவரின் 'ஹெஞ்ச்மேன்' என்று போட்டிருந்தது.

மலை சுருட்டிக் கொண்டுவந்த இதழை மேஜைமேல் விரித்து அந்தச் சொல்மேல் விரலை வைத்தார். விரல் அந்த வரியையே மூடிவிட்டது.

"இதுக்கு என்ன சார் அர்த்தம்?"

உதவி ஆசிரியர் ஸ்டேப்ளரைத் தன் பக்கமாக நகர்த்தினார். அர்த்தம் தெரியும், அடியாள். சொன்னாலும் அடி, சொல்லாவிட்டாலும் அடி.

"கோபப்படாதீங்கண்ணே" என்றார். மலை அவரைவிடப் பத்து வயது இளையவர். பயம் வயது பார்ப்பதில்லை.

ஆனால் மலை கோபப்படவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். முழுசாக உட்கார்ந்தால் அது தாங்காது என்று அவருக்கே தெரியும். குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். கல்லூரியில் படிக்கிற மகள். யாரோ இந்தப் படத்தை வகுப்பில் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். அதிலிருந்து அவள் அவரோடு பேசுவதில்லை. அவர் வீட்டுக்குள் வந்தால் அவள் அறைக்குள் போய்விடுகிறாள்.

"செல்போன்ல தேடிப் பாத்தேன், அசிங்கமா வருது. வேற அர்த்தம் ஏதாவது இருக்கும்ல சார்? வீட்டுல போய்ச் சொல்ற மாதிரி?"

உதவி ஆசிரியருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவருக்கும் மகள் உண்டு. அலமாரியிலிருந்து தலையணை கனத்துக்கு இருந்த அகராதியை இறக்கித் தூசி தட்டினார்.

நல்லவேளை, சொல்லின் வேர் கைவிடவில்லை. பழைய ஆங்கிலத்தில் 'ஹெங்கெஸ்ட்' என்றால் ஆண்குதிரை. அதோடு 'மேன்' சேர்ந்தால் குதிரையைப் பார்த்துக்கொள்கிற ஆள். அப்போது அது வசவே இல்லை, அரண்மனைப் பதவி. இளவரசர் குதிரையில் ஊர்வலம் போகும்போது கூடவே பக்கத்தில் போகிற கௌரவப் பணியாள். அடியாள் என்கிற அர்த்தமெல்லாம் எத்தனையோ காலம் கழித்து வந்து ஒட்டிக்கொண்டது.

மலையின் முகம் மலர்ந்தது. அரண்மனை வருகிற இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினார். பார்த்தாளா, பார்த்தாளா என்று இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு செல்போனைப் பார்த்தார்கள்.

பதில் வந்தது. ஒரு சிரிக்கிற பொம்மை, பக்கத்தில் ஒரு குதிரை.

மலை மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவர் நின்றார்.

"அந்த ஆளு எப்பவாவது இளவரசரோட குதிரை மேல ஏறுவானா சார்?"

ஏறுவான் என்று சொல்லியிருக்கலாம். உதவி ஆசிரியருக்கு மனசு வரவில்லை.

"இல்லண்ணே. பக்கத்துல போறதுதான் அவன் வேலை."

மலை தலையாட்டினார். "தலைவர் காருக்குள்ள ஏசி நல்லா இருக்கும்னு சொல்வாங்க" என்றார். பிறகு, இந்தச் சொல்லைப் போட்டது யார் என்று கேட்டார்.

"நான்தாண்ணே."

உண்மையில் உதவி ஆசிரியர் எழுதிக் கொடுத்தது 'அசிஸ்டென்ட்' என்றுதான். காரம் போதவில்லை என்று அதை அடித்துவிட்டு இதைப் போட்டவர் கழிப்பறைக்குள் இருந்தார். குதிரை கீழே தள்ளியதோடு நில்லாமல் குழியும் பறித்ததாம். இருந்தாலும் பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துக் கழிப்பறைக்குள் ஒரு தும்மல்.

மலை அந்தக் கதவைப் பார்த்தார். உதவி ஆசிரியரைப் பார்த்தார். மறுபடியும் கதவைப் பார்த்தார். திரும்பி வந்து உதவி ஆசிரியரின் தோளில் கையை வைத்து, கூடப்பிறந்தவனுக்குச் செய்வதுபோல மெதுவாக அழுத்திவிட்டுப் படியிறங்கிப் போனார்.

உதவி ஆசிரியர் தோளைத் தடவிக்கொண்டார். தோள் வலித்தது. பிறகு ஆசிரியரின் மேஜைக்குப் போய், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். மெத்தென்றுதான் இருந்தது. ஆசிரியருக்கு வந்து ஆறிக்கொண்டிருந்த காபியை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அந்த அடியாள் போயிட்டானா?"

உதவி ஆசிரியர் நாற்காலியில் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இல்ல சார். இங்கேயேதான் உட்கார்ந்திருக்கான்."