அன்புராசா அங்கிள் ஃபெயில்

"நானும் ஃபெயில்" எண்டார் அன்புராசா அங்கிள்.

துணைக்கு வந்து, கனடாக் குடியுரிமை குடுக்கிற சிற்றிசன்ஷிப் கோர்ட் வாங்கில இருந்த எனக்குக் காது அடைச்சுப் போச்சு.

பத்து நிமிசத்துக்கு முன்னம்தான் அவரின்ர மனுசி அருள்நாயகி அன்ரி அழுதுகொண்டு வெளியில வந்தவ. ஜட்ஜ் கேட்ட முதல் கேள்விக்கே நா எழும்பேல்லையாம். அது பரவாயில்லை, அன்ரிக்கு இங்கிலீசெண்டா பயம். ஆனா அங்கிளோ?

மல்வேர்ன்ல எங்கட ரவுன்ஹவுஸ் வரிசையில ஏழு பேரைப் படிப்பிச்சு இந்தப் பரீட்சையில பாஸாக்கினவர் அவர்.

"என்ன கேட்டவை அங்கிள்?"

"இந்த நாட்டின்ர தலைவர் ஆர் எண்டு."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"பிரதமர் எண்டிட்டன்."

அழுதுகொண்டிருந்த அன்ரி நிமிந்து பாத்தா. "அது மகாராணியெல்லோ. எனக்கே தெரியும்."

"உமக்குத் தெரியுது. எனக்கு வாயில வரேல்லையே."

அன்ரிக்குக் கண்ணீரோட சிரிப்பு வந்திட்டுது.

அடுத்த நாளே மல்வேர்ன் முழுக்கக் கதை பரவீட்டுது. டோனட் கடையில மகேஸ்வரன் அங்கிள் விடேல்லை.

"வாத்தியார், படிச்சதுகள் எல்லாம் பாஸ், படிப்பிச்சது ஃபெயிலாம். இனி ஆர் எங்களுக்கு மகாராணியைப் பற்றி வகுப்பெடுக்கிறது?"

"நீர் எடுமன்" எண்டு சொல்லிப்போட்டு அங்கிள் கோப்பியைக் குடிச்சார்.

எனக்குத்தான் தாங்கேலாமல் கிடந்தது. அது 93ம் ஆண்டு. வருசம் முடியிறதுக்குள்ள எலெக்‌ஷன். சிற்றிசன் ஆனாத்தான் வோட். பயமில்லாமல் ஒருக்காவாவது வோட் போட்டுப் பாக்கவேணும் எண்டு நாலு வருசமாச் சொல்லிக்கொண்டிருந்த மனுசன். வேற ஒண்டுக்கும் ஆசைப்பட்டு நான் கண்டதில்லை.

நான் அப்ப யுனிவேர்சிற்றியில அரசியல் சட்டம் படிக்கத் துடங்கின புதுசு. அதில ஒரு விசயத்தில எனக்குச் சரியான பைத்தியம். மகாராணியின்ர பேரில இருக்கிற ஜட்ஜ், ஒரு ஃபக்டரித் தொழிலாளிக்கு "இல்லை" எண்டு சொன்னாலும், ஏன் எண்டு எழுத்தில காரணம் குடுக்கவேணும். குடுக்காட்டி அது அவையின்ர பிழை. மகாராணி எண்டாலும் விட்டுக்குடுப்பில்லை. எவ்வளவு வடிவான சட்டம்.

அன்ரிக்குக் கடிதம் வந்தது. கனடாவைப் பற்றின அறிவு போதாது, திருப்பி விண்ணப்பிக்கலாம் எண்டு.

அங்கிளுக்கு வரேல்லை.

"அங்கிள், இது சட்டத்துக்கு மாறு. காரணம் சொல்லாமல் உங்களை நிராகரிக்கேலாது. அப்பீல் பண்ணுவம்."

"விடு பிள்ளை. அவைக்கும் வேலை கூட."

"இப்பிடி விட்டுவிட்டுத்தான் எங்கட சனம் கெட்டது."

"சரி, கெடட்டும். தேத்தண்ணி குடிக்கிறியோ?"

அதுக்குப் பிறகு வீட்டில எல்லாம் தலைகீழ். அன்ரி மீன் வெட்டிக்கொண்டு கேள்வி கேப்பா. அங்கிள் பிழையாச் சொல்லுவார்.

"ஐயோ, செனற்றுக்கு ஆக்களை வோட் போட்டு எடுக்கிறேல்லை. நியமிக்கிறது. எத்தினை தரம் சொல்லுறது உங்களுக்கு?"

"இங்கிலீசில ஒருக்காச் சொல்லும். அப்பதான் எனக்கு ஏறும்."

அன்ரி இங்கிலீசில சொல்லுவா. பாக்கப் பாவமா இருந்தது. மனுசனுக்கு மறதி வந்திட்டுது எண்டு நினைச்சன்.

ஒக்டோபர்ல எலெக்‌ஷன் வந்தது. தான் படிப்பிச்ச ஏழு பேரையும் அங்கிள்தான் தன்ர வான்ல ஏத்திக்கொண்டு போனார். வோட் போடுற பள்ளிக்கூட வாசல்ல எல்லாரையும் இறக்கிவிட்டிட்டு, தான் வானுக்குள்ள இருந்து பேப்பர் வாசிச்சார்.

டிசம்பர்ல அன்ரியை ரெண்டாந்தரம் கூப்பிட்டவை. அங்கிளைக் கூப்பிடேல்லை. எனக்கு இன்னும் கொதிப்பு.

அதே ஜட்ஜ், வயசான ஒரு வெள்ளைக்கார அம்மா. துணைக்கு நான் உள்ளுக்குப் போனன், அங்கிள் வெளியில நிண்டார். ஜட்ஜ் கேட்ட கேள்வி எல்லாத்துக்கும் அன்ரி இங்கிலீசில மளமளவெண்டு பதில் சொன்னா. செனற்றைப் பற்றி, கேக்காததையும் சேத்துச் சொன்னா.

"பாஸ்" எண்டா ஜட்ஜ். "ஏதும் கேக்க இருக்கோ?"

நான் எழும்பினன். எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தன்.

"இவவின்ர கணவரை மாச் மாசம் நிராகரிச்சனீங்கள். காரணம் எழுதிக் கடிதம் அனுப்பேல்லை. சட்டப்படி அது பெரிய பிழை."

ஜட்ஜ் ஃபைலைத் திறந்து பாத்தா.

"நீங்கள் சொல்லுறதுதான் சட்டம். நிராகரிச்சா கட்டாயம் காரணம் எழுதவேணும்."

"அப்ப ஏன் எழுதேல்லை?"

"நான் அவரை நிராகரிக்கேல்லையே. எல்லாக் கேள்விக்கும் சரியாச் சொன்னவர். ஒரு இடத்தில என்னையும் திருத்தினவர். பிறகு ஒரு உதவி கேட்டார். 'மனுசி வெளியில அழுதுகொண்டு இருக்கிறா. நான் பாஸ் எண்டு போய்ச் சொன்னா, அவ இனி இந்தப் பக்கமே வரமாட்டா. அவ பாஸாகும்வரைக்கும் என்ர சத்தியப்பிரமாணத்தைப் பிற்போடுங்கோ, அதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ' எண்டு. எலெக்‌ஷன் போயிடும் எண்டு சொல்லிப் பாத்தன். 'அது அடுத்த முறையும் வரும்' எண்டார்."

ஜட்ஜ் சொன்னதைத் தமிழில சொல்ல அன்ரியின்ர பக்கம் திரும்பினன். தேவைப்படேல்லை. அவவுக்கு எல்லாம் விளங்கியிருந்தது.

வெளியில அங்கிள் ஓடி வந்தார். "என்ன மாதிரி?"

"நான் பாஸ்" எண்டா அன்ரி. "நீங்கள்தான் இன்னும் வடிவாப் படிக்கவேணுமாம்."

சொல்லிப்போட்டு, அவரின்ர குளிர்க்கோட்டுப் பொத்தானை ஒவ்வொண்டாப் பூட்டிவிட்டா.

உங்கட வீட்டிலயும் ஆரும் இப்பிடி ஃபெயிலாகி இருக்கினமோ?