துணைத் தலைவரின் பின்னணி

"அங்கிள், இத அப்படியே போடவா?"

லோஷினியின் குரல் இறங்கிவிட்டது. ஜொகூர் மாநிலத்துத் தம்போயில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கிறது சுதந்திர வணிக மன்றம். வியாபாரத்தில் அரசாங்கம் மூக்கை நுழைக்கக் கூடாது, லைசென்ஸ் கெடுபிடியால் சின்ன வியாபாரிகளை நசுக்கக் கூடாது என்று ஜொகூர் அரசுக்கு விடாமல் மனு எழுதுகிற கூட்டம். அவர்களுடைய இணையத்தளத்துக்குத் தலைவர்களின் பின்னணியைத் தொகுப்பதுதான் லோஷினிக்குக் கிடைத்த முதல் வேலை.

பொருளாளர் லெட்சுமணன் தன்னைப் பற்றி இரண்டு பக்கம் கொடுத்திருந்தார். லண்டன் பட்டம், சிங்கப்பூர் வங்கி, கோல்ஃப் கோப்பை, ஒன்றையும் விடவில்லை.

துணைத் தலைவர் வீரமுத்து கொடுத்தது இரண்டே வரி.

'நகராண்மைக் கழக அமலாக்க அதிகாரியாகப் பதினெட்டு ஆண்டு. பறிமுதல் செய்த தள்ளுவண்டிகள் கிடங்கிலிருந்து காணாமல் போனதால் 2011-இல் வேலைநீக்கம்.'

"போடு மா. நடந்ததுதானே?" என்றார் வீரமுத்து.

பக்கத்து மேசையிலிருந்து லெட்சுமணன் எழுந்தே வந்துவிட்டார்.

"அலமாக்! ஏழைங்க வண்டிய பறிச்சதும் இல்லாம, அதையும் தூக்கி வித்தவரா நமக்குத் துணைத் தலைவரு? பத்திரிகைக்காரங்க பாத்தா மானமே போயிடும் லா!"

"வண்டிய எடுத்தது நீங்களா அங்கிள்?"

இல்லை என்று சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது லோஷினிக்கு.

"நான்தான் மா."

"கேட்டியா?" லெட்சுமணன் அவசரமாக ஒரு ராஜினாமாக் கடிதத்தை அடித்து நீட்டினார். வீரமுத்து மறுபேச்சில்லாமல் பேனாவைத் திறந்தார். ச்சே, இந்த மனிதரையா இத்தனை மரியாதையாக அங்கிள் என்று கூப்பிட்டோம்!

தலைவி புஷ்பவள்ளி அப்போதுதான் படியேறி வந்தார். செனாயில் மூன்று உணவகம் நடத்துகிறவர். கடிதத்தைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

"அண்ணே, பேனாவ மூடுங்க. லோஷினி, என்னோட பின்னணி இன்னும் தரலல்ல? எழுது."

"வேணாம் தங்கச்சி." வீரமுத்து முதல் முறையாகப் பதறினார்.

"இருங்கண்ணே. இப்ப எல்லார்கிட்டயும் லைசென்ஸ் இருக்கு. இனிமே சொன்னா யாரையும் பிடிக்க மாட்டாங்க."

அவர் சொல்லச் சொல்ல லோஷினி தட்டினாள்.

"ரோட்டோரம் நாசி லெமாக் சோறு வித்தேன். லைசென்ஸுக்கு நாலு வருசம் நடந்தும் கிடைக்கல. ஒருநாள் வண்டிய பறிமுதல் பண்ணிட்டாங்க. புருசன் இல்லாதவ, ரெண்டு பிள்ளைங்க. இனி என்ன பண்றதுன்னே தெரியல. மறுநாள் விடிஞ்சு கதவத் தொறந்தா, வாசல்ல என் வண்டி நிக்குது. பானையெல்லாம் கழுவிக் கவுத்து வெச்சிருக்கு."

லோஷினியின் விரல்கள் நின்றுவிட்டன. எதிரில் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தவரை நிமிர்ந்து பார்க்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"மொத்தம் எத்தனை வண்டி?" ராஜினாமாக் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே கேட்டார் லெட்சுமணன்.

"முப்பத்தொண்ணு," என்றார் புஷ்பவள்ளி. "எல்லாம் எங்கய்யான்னு விசாரணையில கேட்டாங்க. சொன்னா எங்களையும் சேத்துப் பிடிப்பாங்கன்னு, திருடன்னு பேர் வாங்கிக்கிட்டு, பென்ஷனையும் விட்டுட்டு, வாயத் தொறக்காம வந்தவரு சார் இவரு!"