மறுதாம்பு

"ஏனுங்க டாக்டர், அறுத்தா திரும்ப வளரும்ங்கறீங்க. சரி. முழுசா வளருமுங்களா?"

காலையிலிருந்து கதிரேசன் இதைக் கேட்பது நாலாவது தடவை. டாக்டர் நல்ல மனுஷன். "ரீஜெனரேட் ஆயிருமுங்க. கல்லீரலோட குணமே அதுதான். மூணு மாசத்துல ஏறக்குறையப் பழைய அளவுக்கு வந்துரும்" என்று நாலாவது தடவையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

கட்டிலில் சாய்ந்திருந்த அன்புச்செல்விக்குத்தான் பொறுக்கவில்லை.

"முருங்கையை மொட்டையா வெட்டி உட்டா துளுக்கறதில்லையா? பழனியில முடி எறக்குனா வளர்றதில்லையா? டாக்டரைப் போட்டு இந்த நச்சு நச்சறீங்களே, உங்களுக்கே நல்லாருக்குதா?"

கதிரேசன் சாத்துக்குடி உரிக்க உட்கார்ந்தார். உரித்த சுளையை விதை எடுத்து அவள் கையில் கொடுத்தார். இருபத்தேழு வருஷத்தில் அவர் அவளுக்குப் பழம் உரித்துக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. அவளுக்கு அதுவும் வேடிக்கையாக இருந்தது.

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் நாலு ஏக்கரில் வாழை வைத்திருக்கும் ஜோடி அது. கோயமுத்தூரில் இந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் நேற்றுத்தான் இருவரையும் சேர்த்திருந்தார்கள். நாளைக் காலை ஆறு மணிக்கு ஆபரேஷன். ஒரே கல்லீரலை இருவருக்கும் பங்கு பிரிக்கப் போகிறார்கள்.

அந்த 'ரீஜெனரேட்' என்ற சொல்தான் மூன்று நாளாகக் கதிரேசனைத் தூங்கவிடவில்லை. மகள் கயல்விழியிடம் போனில் அர்த்தம் கேட்டுப் பார்த்தார். "ஓடிபி காலாவதியாயிருச்சுன்னா மறுபடி வரவைக்கறமில்லப்பா, அதுவும் ரீஜெனரேட்தான். பல்லிக்கு அறுந்த வாலு மொளைக்கறதும் அதேதான்" என்றாள் அவள். மறுபடி வந்த ஓடிபி என்றைக்காவது பழைய நம்பராக இருந்திருக்கிறதா?

"டீ குடிச்சுப்போட்டு வாரேன் செல்வி" என்று கிளம்பியவர், கேன்டீன் பக்கம் போகாமல் நேரே சமீராவின் அறைக் கதவைத் தட்டினார். இந்த மாதிரி ஆபரேஷன்களுக்குக் கையெழுத்து வாங்குவது, வீட்டாரோடு பேசித் தைரியம் சொல்வது எல்லாம் சமீராவின் வேலை.

"வாங்ண்ணா, உக்காருங்க. என்ன விஷயமுங்க?"

கதிரேசன் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "ஒண்ணு கேள்விப்பட்டனுங்க அம்மணி. ஸ்கேன் எடுக்கற எடத்துல போத்தனூர்க்காரரு ஒருத்தரு சொன்னாரு. குடுக்கறவங்களுக்குக் கடைசி நேரத்துல மனசு மாறிப்போச்சுன்னா, அதை வெளியில சொல்ல மாட்டீங்களாமா. உடம்பு ஒத்துக்கலை, ஆபரேஷன் பண்ண முடியாதுன்னு நீங்களே சொல்லிருவீங்களாமா. நெசமுங்களா?"

"நெசந்தானுங்ண்ணா. யாரையும் கட்டாயப்படுத்தி அறுக்கக் கூடாதில்லீங்களா. ஆனா..."

"அப்ப அப்படியே சொல்லிருங்க கண்ணு. ரத்தம் சரியில்லை, இதயம் சரியில்லை, வாயில என்ன வருதோ சொல்லிருங்க."

சமீரா பேனாவை மூடி வைத்தாள். "பயமாண்ணா?"

"பயந்தானுங்க. மறைக்கறதுக்கு என்ன இருக்குது." அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "நான் வாழை வெக்கறவனுங்க. தாரை வெட்டுனா பக்கக்கன்னு வளர்ந்து மறுதாம்புத் தாரு போடும். போடாம இருக்காது. ஆனா மொதத் தாரு பத்துச் சீப்புன்னா, மறுதாம்பு எட்டுதானுங்க. எத்தனை உரம் வெச்சாலும் எட்டுதான். டாக்டரு படிச்சவரு, அவரு சொல்றாரு. என்ற கண்ணு பாத்தது எட்டுத்தானுங்களே."

"வாழை வேற, கல்லீரல் வேறண்ணா. ஆபரேஷனை நிறுத்துனா என்ன ஆகும்னு தெரியுமில்லீங்களா?"

"தெரியுமுங்க. ஆறு மாசம். நெம்பப் போனா எட்டு." கதிரேசன் தலையைக் குனிந்துகொண்டார். "பொண்ணு கல்யாணம் முடிஞ்சுபோச்சு. பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சு. போறது போகட்டுமுங்க. நான் வாயத் தொறந்து வேண்டாம்னு சொன்னா அவ ஆஸ்பத்திரியையே ரெண்டாக்கிப் போடுவா. அதனாலதான் உங்க கால்ல வந்து உழுகறேன்."

இதைக் கேட்டால் யாருக்கும் கோபம் வரும். கட்டின பெண்டாட்டியின் உயிரைப் பற்றி ஒரு மனுஷன் இப்படிப் பேசுவானா? சமீராவுக்கு என்னவோ கோபம் வரவில்லை. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா காலையிலேயே வந்து இதே நாற்காலியில உக்காந்துட்டுப் போனாங்கண்ணா. மத்தியானத்துக்குள்ள நீங்க வருவீங்கன்னு சொன்னாங்க. டீ குடிக்கறேன்னு பொய் சொல்லிட்டு வருவீங்கன்னும் சொன்னாங்க."

கதிரேசன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "வேற என்னுங்க சொன்னா?"

"மறுதாம்புக் கதை சொல்லுவீங்களாமா. சீப்பு ரெண்டு கொறைஞ்சாலும் பழம் இனிக்கத்தான் செய்யும்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க."

"அப்பறம்?"

"'எனக்கு ரத்தம் சரியில்லை, என்னைய அறுக்க வேண்டாம்னு எங்க ஊட்டுக்காரரு உங்களையப் பொய் சொல்லச் சொல்லுவாருங்க, காதுலயே போட்டுக்காதீங்க. ஈரலைக் குடுக்கறவ நானு, வாங்கிப் பொழைக்கப் போறவருக்கு என்னுங்க அத்தனை பேச்சு?'ன்னு கேட்டுட்டுப் போனாங்கண்ணா."