நானோ வள்ளம்

"அம்மா, அண்ணன கடலுக்கு விடாத! சாரு நம்மள ஏமாத்திட்டாரு!"

தோள்பையைக்கூட இறக்காமல் கல்லூரியிலிருந்து நேரே கடற்கரைக்கு ஓடி வந்திருந்தாள் லிஜா. மீன் சருவத்தைக் கழுவிக்கொண்டிருந்த வியாகுலம்மாள் நிமிரவில்லை.

"மெல்லப் பேசு ஏட்டி. எந்தச் சாரு?"

"எனக்க கைடு, வள்ளிநாயகம் சாரு. இன்னைக்கு லேப் பீரோவத் தொறந்தேன். நானோ டின்னு சீல்கூட ஒடைக்காம இருக்கு!"

போன மாதம் அவர்களுடைய ஃபைபர் வள்ளம் பாறையில் மோதி விரிசல் விட்டது. வள்ளம் ஓடாவிட்டால் அடுப்பு எரியாது. ஆராய்ச்சிப் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன் என்று சாரிடம் சொன்னாள் லிஜா.

மறுநாளே வள்ளிநாயகம் சார் வந்து நின்றார். ஆராய்ச்சிக்கு விரிசல் விட்ட வள்ளம் ஒன்று அவசரமாகத் தேவையாம். விரிசலில் ‘மேட்டு’ என்கிற கண்ணாடி இழை விரிப்பை ரெசின் பசையில் தோய்த்து ஒட்டுவது வழக்கம். அந்த ரெசினில் நானோ துகளைக் கலந்தால் வள்ளம் இரும்பாகிவிடுமாம். செலவெல்லாம் பிராஜெக்ட்டில்.

"நானோன்னா அந்தக் குட்டிக் காரா சாரே?" என்று கேட்டாள் வியாகுலம்மாள்.

கிரேக்கத்தில் குள்ளன் என்று பொருள். விளக்கியவர் ஆறடி.

பிறகு எல்லார் முன்னிலையிலும் ஒரு டின்னைத் திறந்து, திருநீறு போடுவதுபோல ரெசினில் தூவினார். "கூடிப்போனா கட்டி பிடிச்சிரும்" என்று எச்சரிக்கை வேறு.

"டின்னு லேபுல இருக்குன்னா, அன்னைக்கு அவரு தூவினது என்னது?" என்றாள் லிஜா.

"மொகத்துக்குப் போடுத பவுடரு. ரெண்டு நாளா வள்ளம் கலியாண மாப்பிள்ள மாதிரில்லா மணத்துது."

லிஜா கடலைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே அண்ணன் அனீஷ் அதே வள்ளத்தைத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"தெரிஞ்சுமா அனுப்புத? ஓட்டையில வெறும் பவுடரும்மா!"

"பவுடருக்குக் கீழயும் மேலயும் மேட்டு கெடக்குட்டி. ரெண்டு அடுக்கு போடுத எடத்துல அஞ்சு போட வச்சாவ உனக்க சாரு. நான் பாத்துட்டுத்தானே நின்னேன்."

"அதுக்கு யாரு காசு? அப்படி ஒரு பிராஜெக்ட்டே கெடையாதாம். ஆபீஸ்ல கேட்டுட்டுத்தான் வாறேன்."

வியாகுலம்மாள் சருவத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"சுனாமிக்கு ஒரு கூட்டம் நமக்கு வள்ளம் தந்துது. ரெண்டு பக்கமும் தந்தவனுக்க பேரு, ஆளு ஒசரத்துக்கு. வேண்டாம்னு திருப்பி விட்டவ நான். இந்த மனுசன் பேர எழுதல்ல, பவுடரத் தூவினாவ. பொய்தான். இருந்துட்டுப் போட்டும்."

அதற்குள், வாராவாரம் வருவதுபோல் கையில் அளவு டேப்போடு சாரே வந்துவிட்டார்.

"என்னம்மா, வள்ளம் எப்படி ஓடுது?"

"கல்லு மாதிரி இருக்கு சாரே. இவளுக்குத்தான் சந்தேகம். இவ்வளவு பலம் எப்படி வந்துதுன்னு கேக்கா."

சார் லிஜாவைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நானோ."

"அதத்தான் சாரே நானும் இவகிட்டச் சொன்னேன்," என்றாள் வியாகுலம்மாள். "நீங்கதான்னு."